கடல்நீர்த் தொட்டியில் மீன் வீங்கினால்: மருந்துக்கு முன் பார்க்க வேண்டியவை

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறது. அதன் இரண்டாம் ஆண்டில், கருநீல உடலில் வெள்ளை வளையங்கள் கொண்ட குட்டி ஏஞ்சல் மீன் ஒன்றின் முதுகுத் துடுப்பு ஓரத்தில் ரவையளவு வெள்ளை முடிச்சுகள் இரண்டு தோன்றின. வெள்ளைப்புள்ளி நோய் என்று நானே முடிவுகட்டி, அன்று மாலையே தொட்டியில் செம்பு மருந்தை ஊற்றினேன். நான்கு நாட்களில் நத்தைகளும் இறால்களும் மடிந்தன. அவை அழுகியதால் அம்மோனியா ஏறியது. ஏழாம் நாள் அந்த மீனும் போயிற்று. அந்த முடிச்சுகள் லிம்ஃபோசிஸ்டிஸ் என்னும் வைரஸ் நோயால் வந்தவை என்பதும், செம்பு அதற்கு மருந்தே அன்று என்பதும், தண்ணீரை மட்டும் சுத்தமாக வைத்துக் காத்திருந்தால் அவை பெரும்பாலும் தாமே உதிர்ந்திருக்கும் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தன.

அந்த மீனை நோய் கொல்லவில்லை, என் அவசரம்தான் கொன்றது என்று இன்றும் நினைக்கிறேன். ஆகவே இந்த வழிகாட்டியில் மருந்துகளைப் பற்றிக் குறைவாகவும், பார்க்கும் முறையைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன். வீங்கிய மீனைப் பார்த்தவுடன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று. வீக்கம் உடலின் எந்த இடத்தில் இருக்கிறது? ஒரு பக்கம் மட்டுமா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா? ஓர் இரவில் வந்ததா, வாரக்கணக்கில் வளர்ந்ததா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் காரணங்களின் பட்டியல் பெரும்பாலும் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

முதல் நாள் செய்ய வேண்டியது

தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, கூடத்து வெளிச்சத்தில், ஒரு டார்ச் விளக்கைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாத மேடு பள்ளம், சாய்ந்த ஒளியில் நிழலோடு தெரியும். இரண்டு பக்கங்களையும் மேலிருந்தும் படம் எடுங்கள். வயிறு எந்தப் பக்கம் புடைத்திருக்கிறது என்பதை மேலிருந்து எடுத்த படம்தான் காட்டிக்கொடுக்கும். மறுநாளும் அதே நேரத்தில், உணவிடுவதற்கு முன், அதே கோணத்தில் எடுங்கள். ‘நேற்றைவிடப் பெரிதாகிவிட்டது போலிருக்கிறது’ என்று மனத்துக்குத் தோன்றுவதை நம்ப வேண்டாம்; கவலையில் இருக்கும் கண் எல்லாவற்றையும் பெரிதாகவே காட்டும்.

செவுள்மூடி 15 விநாடிகளில் எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்கி எழுதி வையுங்கள். இந்த எண்ணிக்கை இனத்துக்கு இனம் மாறுவதால், மீன் நலமாக இருக்கும் காலத்திலேயே ஒவ்வொன்றுக்கும் எண்ணிக் குறித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் நோய்க்காலத்து எண் பயன்படும். உணவு எடுக்கிறதா, எடுத்துத் துப்புகிறதா, கழிவு எந்த நிறத்தில் எப்படிப் போகிறது, ஒதுங்கி நிற்கிறதா, பாறையில் உடலை உரசுகிறதா என்பனவற்றையும் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதுங்கள்.

அடுத்தது தண்ணீர். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யமாக இருக்க வேண்டும். நீரில் உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025-ஐ ஒட்டி இருக்க வேண்டும். வெப்பநிலை 25 முதல் 27 பாகை செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. டெல்டாவில் இவற்றைக் கெடுக்கும் காரணங்கள் நமக்கே உரியவை. அக்னி நட்சத்திரக் காலத்தில் தொட்டி நீர் 31 பாகையைத் தாண்டுவது சாதாரணம். 30 பாகையில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் என்றால் கடல்நீர் 6.2 மில்லிகிராம் அளவுதான் பிடிக்கும். அந்த நேரத்தில் மின்சாரமும் போனால், வீங்கிய மீன் வீக்கத்தால் சாகும்முன் மூச்சுத் திணறிச் செத்துவிடும். நீர்மட்டத்தின் மேல் மின்விசிறி வைத்தால் சூடு இரண்டொரு பாகை தணியும். ஆனால் நீர் வேகமாக ஆவியாகி உப்பு ஏறுவதால், தினமும் ஆர்.ஓ. நீரால் மட்டத்தை நிரப்ப வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் நிலத்தடி நீரே பல இடங்களில் உவர்ப்பாக இருப்பதால், குறைந்த நீரை ஆழ்துளைக் கிணற்று நீரால் நிரப்புகிறவர்கள் தமக்குத் தெரியாமலே உப்பைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள்.

கடலிலிருந்தே நீர் எடுத்துவருபவர்கள் வடகிழக்குப் பருவமழையை மனத்தில் வைக்க வேண்டும். ஒருமுறை ஐப்பசியில் தரங்கம்பாடிக்குக் கேன்களோடு போனபோது, படகிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர், “கொள்ளிடத்துல வெள்ளம் வருது தம்பி, இப்ப இது கடத்தண்ணியே இல்ல, கொஞ்ச நாள் பொறுத்து வா” என்று திருப்பி அனுப்பினார். ஒப்படர்த்தியை அளந்து பார்த்தேன். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. ஆற்று நீர் கலந்த கடலில் உப்பு குறைவதோடு வண்டலும், வயல்களிலிருந்து வடிந்த மருந்துகளும் சேர்ந்து வரக்கூடும்.

தண்ணீர் கெட்டிருந்தால், வீக்கத்துக்கு எது காரணமாக இருந்தாலும் முதலில் கால்பங்கு நீரை மாற்றுங்கள். எந்த நிலையிலும் கெடுதல் செய்யாத வைத்தியம் இது ஒன்றுதான்.

வீக்கம் போலத் தெரிந்தும் நோயல்லாதவை

பேத்தை மீனும் முள்ளம்பேத்தையும் பயந்தால் உப்பிக்கொள்ளும். சில நிமிடங்களில் தாமே வடியும். உப்பிய நிலையில் அவற்றை நீருக்கு வெளியே தூக்கினால் காற்றை விழுங்கி மிதக்கத் தொடங்கிவிடும் என்பதால் தூக்கவே கூடாது. கோமாளி மீன் இணையில் பெண் பெரியது. முட்டை திரளும் நாட்களில் அதன் வயிறு இருபுறமும் சீராகப் புடைத்திருக்கும், உணவிலும் சுறுசுறுப்பிலும் குறை இருக்காது. வயிறு நிறைய உணவிட்ட ஒரு மணி நேரத்தில் மீனைப் பார்த்துக் கவலைப்படவும் வேண்டாம். கடற்குதிரை வளர்ப்பதைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். அது 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட உயிரினம். பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

தோலிலும் துடுப்பிலும் முடிச்சுகள்

அதிகம் குழப்பம் நேர்வது இங்கேதான். நம் பகுதியில் இறால் பண்ணை வைத்திருப்பவர்கள் நிறைய. அவர்கள் ‘வெள்ளைப்புள்ளி’ என்று சொல்வது இறாலைத் தாக்கும் ஒரு வைரஸ். கடல்மீன் தொட்டிக்காரர்கள் ‘வெள்ளைப்புள்ளி’ என்பது கிரிப்டோகேரியன் என்னும் ஒருசெல் ஒட்டுண்ணி. இரண்டுக்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை. பண்ணையில் கேட்ட ஆலோசனையைத் தொட்டிக்குக் கொண்டுவந்து ஏமாந்தவர்களை அறிவேன்.

கிரிப்டோகேரியன் புள்ளி உப்புத்தூள் அளவில், ஏறத்தாழ ஒரே பருமனில், உடல் முழுதும் சிதறி இருக்கும். ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் மூன்று முதல் ஏழு நாட்கள் இருந்துவிட்டு உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடுகட்டிப் பெருகி, மீண்டும் மீனைத் தேடி வரும். ஆகவே இன்று வாலில் இருந்த புள்ளி நான்கு நாள் கழித்து அங்கே இருக்காது. வேறிடத்தில் முன்னிலும் அதிகமாகத் தோன்றும். நடுவில் புள்ளிகளே இல்லாத நாட்கள் வருவதைக் குணமாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

லிம்ஃபோசிஸ்டிஸ் அப்படி இடம் மாறுவதில்லை. தோலின் அடியில் உள்ள இணைப்புத் திசுவின் செல்லுக்குள் வைரஸ் புகுந்து, அந்த ஒரே செல்லை வெறும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஊதிப் பெருக்க வைக்கிறது. அத்தகைய செல்கள் கொத்தாகச் சேரும்போது பூக்கோசுத் துணுக்கு ஒட்டினாற்போல் துடுப்பின் ஓரத்திலோ வாயருகிலோ நிற்கும். முடிச்சுகள் ஒன்றுக்கொன்று அளவில் வேறுபடும். ஒரே இடத்தில் வாரக்கணக்கில் இருக்கும். மீன் வழக்கம்போல் உண்ணும். ஏஞ்சல், வண்ணத்துப்பூச்சி மீன் வகைகளில் இதை அடிக்கடி காணலாம். பண்ணையில் வளர்க்கும் கொடுவாவிலும் இது வருவதுண்டு. வலையில் சிக்கியது, பையில் நெருக்கமாக வந்தது, தொட்டியில் மற்றொரு மீனிடம் கடிபட்டது என்று பெரும்பாலும் ஓர் அழுத்தம் முன்னால் நடந்திருக்கும். இதற்கு நேரான மருந்து கிடையாது. தண்ணீரைச் சீராக வைத்து, கடிக்கும் மீனைப் பிரித்து, நல்ல உணவு கொடுத்தால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் உதிர்ந்துவிடும். பிளேடால் சுரண்டுவது புண்ணை உண்டாக்கி, பாக்டீரியாவுக்குக் கதவைத் திறந்துவிடும். முடிச்சு வாயை அடைத்து உண்ண விடாமல் செய்தால் மட்டுமே அதை அகற்றுவது பற்றி ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்கலாம்.

ஆக, ஐந்து நாள் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். புள்ளி இடம் மாறியிருந்தால் ஒட்டுண்ணி. அதே இடத்தில் மெல்லப் பெருத்திருந்தால் பெரும்பாலும் லிம்ஃபோசிஸ்டிஸ். என் ஏஞ்சல் மீனுக்கு நான் கொடுக்காத ஐந்து நாட்கள் இவை.

இந்தப் பொறுமைக்கு ஒரு விலக்கு உண்டு. முடிச்சாக அல்லாமல் பொன்தூள் அல்லது மாவு தூவினாற்போல் மிக நுண்ணிய படலம் தெரிந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டு நீரோட்டத்தின் எதிரே நின்றால் அது அமைலூடினியம் என்னும் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது ஓரிரு நாட்களில் தொட்டியையே காலி செய்துவிடும். அன்றே தனியான மருத்துவத் தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத தட்டைப்புழுக்கள் தோலில் ஒட்டி அந்த இடத்தைத் தடிக்கச் செய்வதும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க நன்னீர்க் குளியல் நல்ல வழி. குளோரின் இல்லாத ஆர்.ஓ. நீரை எடுத்து, தொட்டி நீரின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, சமையல் சோடாவால் காரத்தன்மையைத் தொட்டி நீருக்குச் சமமாக்கி, ஏர் பம்பால் நன்றாகக் காற்றூட்டி, கறுப்பு வாளியில் ஊற்றுங்கள். மீனை மூன்று முதல் ஐந்து நிமிடம் அதில் விட்டால் புழுக்கள் வெளுத்து உதிர்ந்து, கறுப்பு அடித்தளத்தில் வெள்ளைச் செதில்கள்போல் தெரியும். மீன் நிலைகுலைந்து பக்கவாட்டில் சாய்ந்து எழாமல் கிடந்தால் உடனே திருப்பி எடுத்துவிட வேண்டும். கிரிப்டோகேரியன் தோலுக்குள் புதைந்திருப்பதால் இந்தக் குளியலுக்கு மசியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மீன் சந்தையில் வாங்கும் மீனின் செவுளிலோ வாயிலோ கரப்பான் போன்ற பூச்சி ஒட்டியிருப்பதை நம் வீடுகளில் மீன் ஆய்பவர்கள் பார்த்திருப்பார்கள். கடலில் பிடித்து வந்த தொட்டி மீனிலும் அது இருக்கலாம். ஒரு பக்கச் செவுள்மூடி மட்டும் தூக்கிக்கொண்டு நிற்பதும், தாடை முழுதும் மூடாமல் இருப்பதும் அதன் அடையாளங்கள். ஈரத் துணியில் மீனைப் பிடித்து, மழுங்கிய இடுக்கியால் பூச்சியின் உடல் நடுவில் பற்றி, அதன் தலை இருக்கும் பக்கத்தைக் கவனித்து மெதுவாக விடுவிக்கலாம். ஆனால் பூச்சி வாய்க்குள் ஆழமாக இருந்தால் கைவைக்காமல் அனுபவமுள்ளவரிடம் கொண்டுபோவதே சரி.

பிதுங்கிய கண்

ஒரு கண் மட்டும் பிதுங்கியிருந்தால் பெரும்பாலும் அடி. இரவில் மின்சாரம் போய்த் திரும்பியபோது மிரண்டு பாறையில் மோதியிருக்கலாம், சண்டையாக இருக்கலாம். உணவு எடுக்கிறவரை அதைத் தொந்தரவு செய்யாமல் விடுங்கள். சுத்தமான நீரில் சில வாரங்களில் வடியும். எப்சம் உப்பு என்னும் மக்னீசியம் உப்பை இடச் சொல்வார்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 1300 மில்லிகிராம் மக்னீசியம் ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் ஒரு கரண்டி சேர்ப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

இரண்டு கண்ணும் பிதுங்கினால் கதை வேறு. உடல் முழுதும் பரவிய பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். அப்போது சோர்வு, பசியின்மை, துடுப்பின் அடியில் சிவப்பு ஆகியவையும் சேர்ந்து வரும். அல்லது நீரில் வாயு அளவுக்கு மீறிக் கரைந்திருக்கலாம். பம்பின் உறிஞ்சு குழாயில் சிறு கசிவு இருந்தால் அது காற்றை இழுத்து, அழுத்தத்தோடு நீரில் கரைத்துவிடும். அந்த வாயு மீனின் இரத்தத்திலும் திசுவிலும் குமிழாகப் பிரியும். டார்ச் ஒளியில் கண்ணின் உள்ளேயோ துடுப்பின் சவ்விலோ மணிபோன்ற குமிழ் தெரிந்தால் முதலில் குழாய் இணைப்புகளைப் பாருங்கள். நீர்மட்டம் இறங்கி பம்ப் காற்றை உறிஞ்சும் கோடைக்காலத்தில் இது அடிக்கடி நேர்கிறது. கசிவை அடைத்து, நீர்ப்பரப்பை நன்றாகக் கலங்க விட்டால் மிகுதி வாயு வெளியேறிவிடும். இதற்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது முற்றிலும் வீண்.

தொண்டைக்கு அடியில் கட்டி

இந்த வீக்கத்தை எங்கள் தொட்டியின் பெண் கோமாளி மீனில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கீழ்த்தாடைக்குப் பின்னால், இரண்டு செவுள்மூடிகளுக்கும் நடுவில், இளஞ்சிவப்பாக ஒரு மேடு. அது எப்போது தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. பழைய படங்களைத் தேடிப் பார்த்தபோது ஐந்து மாதங்களுக்கு முந்தைய படத்திலேயே சிறிதாக இருந்தது. செவுள்மூடிகள் இரண்டும் வெளியே தள்ளப்பட்டு, முழுதாக மூட முடியாமல் நின்றன. மீன் ஆசையாக உணவைக் கவ்வியது. பெரிய துண்டை விழுங்க முடியாமல் துப்பியது.

இது முன்கழுத்துக் கழலை. மனிதர்களைப் போலவே மீனுக்கும் தைராய்டு உண்டு; ஆனால் பெரும்பாலான எலும்பு மீன்களில் அது ஒரே சுரப்பியாக உறையிட்டு இருக்காமல், இதயத்திலிருந்து செவுளுக்குச் செல்லும் தமனியை ஒட்டிச் சிறு சிறு கண்ணறைகளாகச் சிதறி இருக்கும். அயோடின் போதாதபோது அவை பெருத்துத் தொண்டையை நிரப்புகின்றன. உறையில்லாமல் அக்கம்பக்கத்துத் திசுவுக்குள்ளும் பரவுவதால், நுண்ணோக்கியில் பார்ப்பவர்கள்கூட இதைப் புற்றுநோய் என்று தவறாக எண்ணக்கூடும்.

இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.06 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. தொட்டியில் அது குறைவதற்குப் பல வழிகள் உண்டு. பாசிகளும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவியும், ஃபில்டரில் இடும் கரியும் அதை எடுத்துவிடும். ஓசோன் கருவி அதை மீனால் எளிதில் ஏற்க முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடும். நைட்ரேட் அதிகமானால், நீரில் அயோடின் இருந்தாலும் மீனின் உடல் அதைப் பிடிக்கத் தடை நேரும். என் தொட்டியில் அப்போது நைட்ரேட் லிட்டருக்கு 80 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. நீர் மாற்றுவதை மாதத்துக்கு ஒன்றாகக் குறைத்திருந்தேன். உணவும் ஒரே வகை உலர் உணவுதான்.

வாரம் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றி நைட்ரேட்டை 20-க்குக் கீழ் கொண்டுவந்தேன். காய்ந்த கடற்பாசியையும், உறைந்த மைசிஸ் இறாலையும் சிறிதாக நறுக்கிக் கொடுத்தேன். அயோடின் சொட்டு மருந்தைப் புட்டியில் சொன்ன அளவில் பாதியில் தொடங்கி, உணவில் ஊறவைத்தேன். மூன்று மாதம் கழித்து மேடு பாதியாகியிருந்தது. முழுதாக மறையவில்லை, ஆனால் செவுள் மூடிற்று, மீன் நன்றாக உண்டது. அயோடின் மிகுந்தால் நஞ்சு என்பதால் விரைவு வேண்டி அளவைக் கூட்டக் கூடாது. வீட்டு அயோடின் உப்பையோ, புண்ணுக்குத் தடவும் அயோடினையோ தொட்டியில் போடவும் கூடாது.

தொண்டை வீக்கம் என்று பார்ப்பதெல்லாம் கழலை அன்று. ஒரே பக்கம் தள்ளியிருந்து, மூச்சு வேகமாக இருந்தால் செவுளில் தட்டைப்புழுவோ பூச்சியோ இருக்கலாம். சில நாட்களில் எழும்பி, நடுவில் வெளுத்து, தொட்டால் மெத்தென்று இருப்பது சீழ்க்கட்டி. மெதுவாக, நடுவில், சீராக வளர்வதுதான் கழலைக்கு உரிய குணம்.

வயிறு

நன்னீர் மீன் வளர்த்துவிட்டு இதற்கு வந்தவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நன்னீர் மீனின் உடலுக்குள் வெளியிலிருந்து நீர் ஓயாமல் புகுந்துகொண்டிருக்கும். கடல்மீனின் உடலிலிருந்தோ நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும், அதை ஈடுகட்ட அது கடல்நீரைக் குடிக்கிறது. எனவே உடலுக்குள் நீர் தேங்கிச் செதில்கள் சிலிர்த்து நிற்கும் நீர்க்கோவை கடல்மீனில் அரிது. அப்படி வந்துவிட்டால் சிறுநீரகமோ உள்ளுறுப்புகளோ ஏற்கெனவே மிகவும் கெட்டிருக்கின்றன என்று பொருள், பிழைப்பது கடினம்.

அதிகம் காண்பது மலச்சிக்கல். ஒரே வகை உலர் உணவை நிறையத் தின்று, கழிவு இரண்டு மூன்று நாட்களாகப் போகாமல், வயிறு இருபுறமும் சமமாக உப்பியிருக்கும். இரண்டு நாள் உணவை நிறுத்தி, பிறகு நீரில் ஊறிய கடற்பாசியும் மைசிஸும் கொஞ்சமாகக் கொடுத்தால் சரியாகிவிடும். கழிவு வெள்ளை நூலாக நீண்டு, மலத்துளை சிவந்து, மீன் உணவை மறுத்தால் குடலில் புழுவோ தொற்றோ இருக்கிறது.

புதிதாக வாங்கிய மீன் வால் மேலே தூக்கி மிதந்து, கீழே போக முயன்று முடியாமல் திணறினால், ஆழத்திலிருந்து வேகமாக மேலே ஏற்றப்பட்டதில் அதன் காற்றுப்பை உப்பியிருக்கலாம். இது பிடித்தவரின் அவசரத்தால் வந்த காயம். அத்தகைய மீனை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. வாங்குபவர்கள் இருக்கும்வரை அப்படிப் பிடிப்பதும் நிற்காது.

வயிற்றின் ஒரு பக்கம் மட்டும், மாதக்கணக்கில், கடினமாக வளர்வது கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். மீன்களுக்கும் கொழுப்புக்கட்டி, நார்க்கட்டி, நிறமிச்செல் கட்டி எல்லாம் வரும். ஃபுளோரிடாவின் பவழத்திட்டுகளில் வாழும் இருநிற டாம்செல் மீன்களில் நரம்புறைக் கட்டிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும் நோயாகவே அறியப்பட்டுள்ளன. வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மீன் உண்டு நீந்திக்கொண்டிருக்கும்வரை அதை விட்டுவிடலாம்.

புண்ணாக உடையும் வீக்கமும் உங்கள் கைகளும்

சிவந்து எழும்பி, இரண்டொரு நாளில் தோல் உரிந்து புண்ணாகும் வீக்கம் விப்ரியோ போன்ற பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம். பச்சைக் குரோமிஸ் போன்ற சிறு மீன்களில் யூரோனீமா என்னும் ஒட்டுண்ணியும் இதே சிவப்புப் புண்ணை உண்டாக்கும். இரண்டும் வேகமானவை, இரண்டுக்கும் மருந்து வேறு. கண்ணால் மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாத இந்த இடத்தில் நுண்ணோக்கி தேவை.

மாறாக, மாதக்கணக்கில் மெலிந்துகொண்டே வரும் மீனில் சிறு முடிச்சுகளும் ஆறாத புண்ணும் பிதுங்கிய கண்ணும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் மைக்கோபாக்டீரியம் மாரினம் என்னும் பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். இது மனிதருக்கும் தொற்றும். ஏறத்தாழ 30 பாகை வெப்பத்தில் நன்றாக வளர்வதால் உடலின் குளிர்ந்த பகுதியான கைவிரல்களில்தான் பெரும்பாலும் பிடிக்கும். தொட்டியில் கைவிட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து, பழைய கீறல் இருந்த இடத்தில் வலியில்லாத சிவந்த முடிச்சு எழும்பலாம். தோல் மருத்துவரிடம் போகும்போது மீன்தொட்டி வைத்திருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் அந்தத் திசையில் யோசிக்கக் காரணமில்லை. புண்ணுள்ள கையோடு தொட்டியில் வேலை செய்யாதீர்கள். நீண்ட கையுறை அணியுங்கள். வாயால் உறிஞ்சிக் குழாயில் நீர் இறக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஓரா மீனையும் சிங்கமீனையும் பிடித்துப் பார்க்க நேர்ந்தால் அவற்றின் முட்களில் நஞ்சு இருப்பதை மறவாதீர்கள்.

மருத்துவத் தொட்டியும் சோதனைக்கூடமும்

மருந்து எதுவானாலும் தனித் தொட்டியில்தான். 60 லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகள், முதன்மைத் தொட்டியில் சில வாரம் ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஆகியவை போதும். மணலும் பாறையும் செம்பை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அவை வேண்டாம். கிரிப்டோகேரியன் உறுதியானால், அயனிச் செம்பு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் இருக்கும்படி தினமும் சோதித்து வைக்க வேண்டும். வேறொரு சேர்மத்தோடு பிணைத்த செம்பு மருந்துகளுக்கு அளவு வேறு, புட்டியில் உள்ளபடி செய்யுங்கள். செம்பைத் தாங்காத மீன்களுக்கு ஒப்படர்த்தியைப் படிப்படியாக 1.009-க்குக் குறைக்கும் முறை உண்டு. முதன்மைத் தொட்டியை மீன் இல்லாமல் 76 நாள் விட்டால்தான் அதன் அடியில் கூடுகட்டிய ஒட்டுண்ணிகள் முற்றும் அழியும்.

ஆன்டிபயாடிக்கைப் பொறுத்தவரை, இறால் பண்ணைக்காரர் ஒருவரிடம் மிச்சமிருந்ததை வாங்கிப் போடுவது நம் பகுதியில் நடக்கிறது. குளோராம்ஃபெனிக்கால், நைட்ரோஃபியூரான் வகைகள் இந்தியாவில் மீன், இறால் வளர்ப்பில் தடைசெய்யப்பட்டவை. எந்தப் பாக்டீரியா என்று தெரியாமல் கொடுக்கும் மருந்து வீக்கத்தை ஆற்றாமல், மருந்துக்கு மசியாத கிருமியைத்தான் வளர்க்கும்.

டெல்டாவில் வாழும் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. மீன்வளப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் நாகப்பட்டினத்தில் இருக்கிறது. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. சீர்காழி, நாகைப் பக்கம் இறால் பண்ணைகளுக்கான சோதனைக்கூடங்களில் நுண்ணோக்கி இருக்கும். துடுப்பு ஓரத்துத் துணுக்கையோ தோலின் சளியையோ கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்க அது போதும். முன்கூட்டியே பேசி, படங்களையும் நோட்டையும் காட்டிக் கேளுங்கள். மீனை உயிரோடு கொண்டுபோவதே சிறந்தது, ஏனெனில் செத்த உடலைவிட்டு ஒட்டுண்ணிகள் விரைவில் விலகிவிடும். இரட்டைப் பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் மீதி ஆக்சிஜனும் நிரப்பி, தெர்மோகோல் பெட்டியில் வைத்து, வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். மீன் இறந்துவிட்டால் நெகிழிப்பையில் சுற்றிப் பனிக்கட்டியின்மேல் வைத்து அன்றே சேர்ப்பியுங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் செல்கள் சிதைந்து, பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

எவ்வளவு கவனித்தும் மீன் உண்ணாமல், நிமிர்ந்து நிற்க முடியாமல் துன்பப்படும் நாள் வந்தால், அதை இழுத்துக்கொண்டு போக விடாதீர்கள். பல்வலிக்கு வாங்கும் கிராம்பு எண்ணெயை ஒரு புட்டியில் வெதுவெதுப்பான நீரோடு நன்றாகக் குலுக்கிப் பால்போல் கரைத்து, தொட்டி நீர் நிரப்பிய சிறு பாத்திரத்தில் லிட்டருக்கு 0.4 மில்லிலிட்டர் எண்ணெய் என்ற அளவில் சேர்த்து, மீனை அதில் விடுங்கள். செவுள் அசைவு நின்றபிறகும் மேலும் பத்து நிமிடம் விட்டு வையுங்கள். உடலைத் தோட்டத்தில் ஆழமாகப் புதையுங்கள். ஆற்றிலோ வாய்க்காலிலோ போட வேண்டாம். மருந்து கலந்த உப்புநீரையும் அப்படியே வாய்க்காலில் கொட்டாதீர்கள். அந்தத் தண்ணீர் அடுத்து நிற்பது யாரோ ஒருவருடைய நாற்றங்காலில்.